ரெட்டிச் வண்டிக்குத் திருவொற்றியூர் சாமான்

புல்லட் என்றால் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது சத்தம்தான். போலீஸ்காரரோ, மிராசுதாரரோ, பால் கேன் கட்டிய வியாபாரியோ தெருமுனை திரும்புவதற்குள் வீட்டுக்குள் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். துபாயிலும் தோஹாவிலும் மஸ்கட்டிலும் வளர்ந்த உங்களில் பலர் அந்தச் சத்தத்தை லீவுக்கு ஊர் போனபோது கேட்டிருப்பீர்கள். இல்லையென்றால் சினிமாவில். இன்றைய பதிவு அந்த வண்டியின் சரித்திரம். கொஞ்சம் நீளம், ஒரு கரக் டீ வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் 1955-ஆம் வருடத்து ராயல் என்ஃபீல்ட் புல்லட் 350 ஒன்று இருக்கிறது. இந்தியாவில் செய்தது அல்ல, இங்கிலாந்தில் செய்தது. ஷார்ஜாவில் வேலை முடிந்து சொந்த நாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த வயதான ஆங்கிலேயர் ஒருவரிடம் வாங்கினேன். அப்போது அதை வண்டி என்று சொல்ல முடியாது. ஒரு ஃபிரேம், இரண்டு சக்கரம், இறுகிப்போன ஒரு என்ஜின், பெயர் தெரியாத சாமான்கள் நிரம்பிய மூன்று அட்டைப்பெட்டி. வாரநாளில் கம்ப்யூட்டர் வேலை, சனி ஞாயிறில் கை முழுக்க கிரீஸ் என்று மூன்று வருடம் போனது.

அந்த மூன்று வருடத்தில் கணக்கு எழுதி வைத்த நோட்டைப் புரட்டினால் ஒரு விஷயம் கண்ணில் படும். இங்கிலாந்தில் பிறந்த வண்டிக்கு, வளைகுடாவில் வைத்து நான் மாட்டிய சாமான்களில் பெரும்பாலானவை வந்தது சென்னையிலிருந்து. ஏன் அப்படி என்று தேடப்போய்த்தான் இந்தக் கதை எனக்குக் கிடைத்தது.

பெயரிலிருந்து தொடங்கலாம். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ரெட்டிச் என்று ஒரு ஊர். ஒரு காலத்தில் உலகம் முழுக்கத் தையல் ஊசி செய்து அனுப்பிய ஊர் அது. அதன் பக்கத்தில் ஹண்ட் எண்ட் என்ற இடத்தில் ஜார்ஜ் டவுன்சென்ட் என்பவர் 1851-இல் ஊசிப் பட்டறை ஒன்றை ஆரம்பித்தார். பட்டறை பிறகு சைக்கிளுக்கு மாறியது. 1890-களின் தொடக்கத்தில் கை மாறியபோது, லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டில் இருந்த அரசு துப்பாக்கித் தொழிற்சாலைக்கு நுணுக்கமான பாகங்கள் செய்து கொடுக்கும் ஆர்டர் கிடைத்தது. அந்தப் பெருமையில் சைக்கிளுக்கு ராயல் என்ஃபீல்ட் என்று பெயர் வைத்தார்கள். பீரங்கிச் சின்னமும், துப்பாக்கி போலச் செய்தது என்ற விளம்பர வாசகமும் வந்தது அப்படித்தான்.

இந்த என்ஃபீல்டை உங்கள் பள்ளிப் பாடத்தில் வேறு இடத்தில் படித்திருப்பீர்கள். 1857-இல் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவியது என்று சிப்பாய்கள் கடிக்க மறுத்த தோட்டா எந்தத் துப்பாக்கிக்கு? என்ஃபீல்ட் துப்பாக்கிக்கு. அதே தொழிற்சாலையின் பெயரை ஒட்டிக்கொண்ட வண்டியைத்தான், சரியாகச் சொன்னால் ஒரு நூற்றாண்டு கூட ஆகாத நிலையில், சுதந்திர இந்தியாவின் ராணுவம் தேடிப் போய் வாங்கியது. சரித்திரத்துக்கு இப்படிக் குறும்பு செய்வது பிடிக்கும்.

ரெட்டிச்சில் முதல் மோட்டார் சைக்கிள் 1901-இல் வந்தது. புல்லட் என்ற பெயர் 1932-இல். ஆனால் நமக்குத் தெரிந்த புல்லட் 1949-இல் வந்ததுதான். பின் சக்கரத்துக்கு ஸ்விங் ஆர்ம் வைத்து இரண்டு ஷாக் அப்சார்பர் மாட்டிய 350 சிசி வண்டி. சிலிண்டர் போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ., கணக்குப் போட்டால் 346 சிசி. இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். பின் சக்கரத்துக்கு ஸ்பிரிங் இருப்பதெல்லாம் அன்றைக்குப் பலருக்குச் சந்தேகமான விஷயம், வண்டி ஆடும் என்றார்கள். மேடு பள்ளத்தில் ஓட்டும் டிரயல் போட்டிகளில் ஓடி அந்தச் சந்தேகத்தைத் தீர்த்தது.

இந்தியாவுக்கு வந்தது ராணுவத்தின் தேவையால். பிரிவினைக்குப் பிறகு எல்லை நீளம், சாலை குறைவு. ரோந்துக்கு உறுதியான மோட்டார் சைக்கிள் வேண்டும். மெட்ராஸ் மோட்டார்ஸ் என்ற நிறுவனம் 1952-இல் ராணுவத்துக்கு 500 புல்லட் தரும் ஆர்டரைப் பெற்றது. வண்டி பிடித்துப்போனது. ஆனால் அன்னியச் செலாவணியைச் செலவழித்து எத்தனை காலம் இறக்குமதி செய்வது? 1955-இல் ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியா என்ற கம்பெனியைத் தொடங்கின. 1956-இல் திருவொற்றியூரில் ஆலை திறந்தது. முதலில் இங்கிலாந்திலிருந்து பெட்டி பெட்டியாகப் பாகங்கள் வரும், இங்கே சேர்த்து முடுக்குவார்கள். அந்த வருடம் முடிவதற்குள் 163 வண்டிகள். 1957-இல் பாகங்களைச் செய்யும் அச்சுகளும் கருவிகளுமே மெட்ராஸுக்கு வந்துவிட்டன. 1962-க்குள் எல்லாப் பாகமும் இந்தியாவிலேயே செய்யப்பட்டன.

ஏழு வருடத்துக்குள் இதை எப்படிச் செய்தார்கள் என்று கேட்டால், ஆலையை மட்டும் பார்த்தால் பதில் கிடைக்காது, அக்கம்பக்கத்தைப் பார்க்க வேண்டும். திருவொற்றியூர் என்றால் தியாகராஜர் கோயில், கடற்கரையில் பட்டினத்தார் சமாதி. ஆனால் அந்த ஊரைச் சுற்றி அப்போதே இயந்திரம் தெரிந்த கைகள் நிறைய இருந்தன. விம்கோ தீப்பெட்டி ஆலை அங்கேதான். எம்.ஆர்.எஃப். அங்கேதான் 1946-இல் பலூன் செய்யத் தொடங்கியது. சற்று வடக்கே எண்ணூரில் அசோக் லேலண்ட். செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ். அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ். வார்ப்பு, லேத், முலாம், டயர், செயின் எல்லாவற்றுக்கும் ஒரு பஸ் தூரத்தில் ஆள் இருந்தார். வடசென்னையைச் சினிமா காட்டும் விதத்தில் மட்டும் அறிந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை.

இப்போது இரண்டு ஊர்களின் கதையும் பிரிகிறது. இங்கிலாந்தில் போட்டி அதிகம், பிறகு ஜப்பான்காரர்கள் வந்தார்கள். ராயல் என்ஃபீல்ட் புதுப்புது மாடல் போட்டுப் பார்த்தது, தாக்குப்பிடிக்கவில்லை. 1967-இல் ரெட்டிச் ஆலை மூடப்பட்டது. மிச்சம் இருந்த வேலை வில்ட்ஷயர் பக்கம் ஒரு பழைய கல் சுரங்கத்துக்குள், போர்க்காலத்தில் அமைத்த ஆலையில், 1970 வரை நடந்தது. அவ்வளவுதான்.

மெட்ராஸில் நடந்தது வேறு. லைசென்ஸ் ராஜ்ஜியம் என்று சொல்வார்களே, அந்தக் காலம். வெளிநாட்டு வண்டி வராது. புது மாடல் போட அரசு அனுமதி, இறக்குமதி லைசென்ஸ், அன்னியச் செலாவணி எல்லாம் வேண்டும். ராணுவமும் போலீசும் வாங்கிக்கொண்டே இருந்தன, சாதாரண ஆட்கள் புக் செய்துவிட்டுக் காத்திருந்தார்கள். அதனால் 1955 மாடல் புல்லட் ஏறக்குறைய அதே உருவத்தில் வருடக்கணக்காக வந்துகொண்டே இருந்தது. இதை இந்தியாவின் சோம்பேறித்தனம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. வாங்குகிறவருக்கு வேறு வழி இல்லாமல் போனது உண்மை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் என் வண்டிக்கு பிஸ்டன் கிடைத்ததற்கும் அதே தேக்கம்தான் காரணம் என்பதால், நான் நடுநிலையாகப் பேச முடியாது.

1977-இல் மெட்ராஸ் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாகத் தொடங்கியது. யோசித்துப் பாருங்கள். ஒரு தலைமுறைக்கு முன் பெட்டியில் பாகமாக வந்து இறங்கிய வண்டி, முழு வண்டியாகத் திரும்பிப் போகிறது. அங்கே ரெட்டிச் வண்டி வைத்திருந்து சாமான் இல்லாமல் தவித்தவர்களுக்கு அதைவிடப் பெரிய செய்தி அதோடு சேர்ந்து வந்த உதிரிபாகங்கள்.

1980-களில் நம் ஊரிலேயே காற்று மாறியது. டி.வி.எஸ்.-சுசுகி, ஹீரோ ஹோண்டா, யமஹா ஆர்.எக்ஸ். 100 எல்லாம் வந்துவிட்டன. லேசான வண்டி, நல்ல மைலேஜ், ஒரு உதையில் ஸ்டார்ட். புல்லட் பெரிசுகளின் வண்டி ஆனது. 1994-இல் ஐஷர் கம்பெனியோடு இணைந்தது. சித்தார்த்த லால் 2000-இல் பொறுப்பேற்ற பிறகு நடந்த மறுவாழ்வு உங்களுக்கே தெரியும், உங்கள் கஸின்களில் யாராவது ஒருவரிடம் கிளாசிக் 350 இருக்கும். பழைய வார்ப்பிரும்பு என்ஜின் 2010-ஐ ஒட்டி நின்றுபோனது. அப்படியென்றால் 1955-இல் இருந்து ஐம்பது வருடத்துக்கு மேல், 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக். எண்களை மனதில் வைத்திருக்கச் சொன்னது இதற்காகத்தான்.

என் வண்டியின் சிலிண்டரைப் போர் செய்தபோது, ஓவர்சைஸ் பிஸ்டனை இங்கிலாந்தில் தேடவே இல்லை. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, புதுப்பேட்டை என்று இரண்டு இடம் உண்டு. முதலாவது புதுச் சாமான். இரண்டாவது, ஓடி முடித்த வண்டிகள் பிரிந்து எலும்பு எலும்பாகத் தொங்கும் தெரு. சென்னையில் இருக்கும் என் மாமா, வங்கியில் ரிட்டையர் ஆனவர், வாட்ஸாப்பில் நான் அனுப்பும் படத்தை எடுத்துக்கொண்டு புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்குவார். "இது என்ன சாமான்னே எனக்குத் தெரியல மாப்ள, ஆனா கடைக்காரருக்குத் தெரியுது" என்று ஒருமுறை எழுதினார். கிளட்ச் பிளேட், வால்வ், வால்வ் கைடு, புஷ் ராட், கேபிள்கள், 19 அங்குல டயர், கியர் பாக்ஸின் பற்சக்கரங்கள் எல்லாம் அப்படித்தான் வந்தன.

வந்த விதம் தனிக் கதை. வளைகுடாவில் வளர்ந்த நமக்கு லக்கேஜ் என்றால் ஒரு வழி இங்கிருந்து டேங் பவுடர், நிடோ, கோடாலித் தைலம். மறு வழி அங்கிருந்து பருப்புப் பொடி, முறுக்கு. என் வீட்டில் மறு வழியில் இரும்பும் சேர்ந்துகொண்டது. 30 கிலோவில் 8 கிலோ கிராங்க் என்றால் எந்த அத்தை சம்மதிப்பார்? கல்யாணத்துக்கு வந்த சித்தி ஒருவர் சம்மதித்தார். சென்னை விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்களாம். அதிரசத்துக்கும் அப்பளத்துக்கும் நடுவே ஃப்ளைவீல். "என் அக்கா பையன் பைத்தியம் சார்" என்று சித்தி சொன்ன விளக்கமே போதுமானதாக இருந்திருக்கிறது.

ஆனால் எல்லாமே சென்னையில் கிடைத்துவிடவில்லை. ஒரு வண்டியைப் பிரிக்கும்போது அதன் சரித்திரம் போல்ட்டிலேயே தெரியும். ரெட்டிச் வண்டியின் மரை மெட்ரிக் அல்ல. 1841-இல் ஜோசப் விட்வொர்த் வகுத்த 55 பாகை மரையின் வழிவந்தது ஒரு பக்கம், அங்குலத்துக்கு 26 சுற்று கொண்ட சைக்கிள் மரை இன்னொரு பக்கம். ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஜப்பான் கார் சாமான்கள் மலைபோலக் குவிந்திருக்கும். அங்கே வாங்கிய மெட்ரிக் போல்ட் இதில் இரண்டு சுற்று ஏறும், மூன்றாவது சுற்றில் கடித்துக்கொள்ளும். பலத்தைக் காட்டினால் கேஸின் மரையே போய்விடும். பழைய மெட்ராஸ் புல்லட்டுகளிலும் பல இடங்களில் அங்குல மரைதான் தொடர்ந்தது. அதனால் புதுப்பேட்டை போல்ட் பொருந்தியது. ஸ்பேனரும் அங்கிருந்தே வாங்கினேன். விட்வொர்த் ஸ்பேனரில் எழுதியிருக்கும் அளவு போல்ட்டின் குறுக்களவு, தலையின் அளவு அல்ல. எங்கள் கம்பெனிப் பையன் ஒருவனுக்கு இதை விளக்கி முடிப்பதற்குள் ஒரு டீ ஆறிவிட்டது.

மின்சாரப் பகுதி முழுக்க இங்கிலாந்து. என் வண்டியில் லூகாஸ் மேக்டைனோ இருக்கிறது. பிளக்குக்குப் பொறி தரும் மேக்னெட்டோவும் விளக்குக்கு மின்சாரம் தரும் டைனமோவும் ஒன்றன் மேல் ஒன்றாகக் கட்டியது. மெட்ராஸ் வண்டி பிறகு ஆல்டர்னேட்டர், காயில் என்று மாறிவிட்டதால் அந்த வழியில் உதவி இல்லை. பழைய மேக்னெட்டோ சுருளை அரக்கு பூசிக் காத்திருப்பார்கள். அது வெயிலில் இளகும். உள்ளே இருக்கும் கண்டென்சரும் சூட்டில் சாகும். காலையில் ஸ்டார்ட் ஆகி, சூடானதும் நின்று, ஆறிய பிறகுதான் திரும்ப ஓடும் என்றால் சந்தேகப்பட வேண்டிய இடம் அதுதான். இங்கிலாந்தின் மழையை நினைத்துச் செய்த பொருளை ஜூலை மாதத்து ஷார்ஜாவில் வைத்தால் வேறென்ன நடக்கும்? சுருளைப் புதிதாகச் சுற்றி, இந்தக் காலத்துக் கண்டென்சர் வைத்துத் தர அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். ஸ்மித்ஸ் ஸ்பீடோமீட்டருக்கும் அப்படியே. அமால் கார்புரேட்டரை இன்றும் அங்கே புதிதாகவே செய்கிறார்கள். மூன்றும் சேர்ந்து சென்னைச் சாமான் மொத்தத்தையும் விட அதிக விலை.

இந்த மேக்னெட்டோவால் அப்பாவுடன் ஒரு வாக்குவாதம் வந்தது. அவரிடம் ஊரில் ஒரு மெட்ராஸ் புல்லட் இருந்தது. இங்கே வருவதற்கு விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் பணம் புரட்டியபோது விற்ற பொருள்களில் அதுவும் ஒன்று. கிக்கரை மெதுவாக அமுக்கு, அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும், டீகம்ப்ரஸரைப் பிடித்துக் கொஞ்சம் தள்ளு, பிறகு உதை. இதுதான் அவர் அறிந்த வேதம். என் வண்டியில் முள் அசையவே இல்லை. காயில் வண்டியில் பாயிண்ட் மூடித் திறக்கும்போது பேட்டரி மின்சாரம் ஓடுவதால் முள் ஆடும். மேக்னெட்டோ தன் மின்சாரத்தைத் தானே செய்துகொள்ளும், அம்மீட்டரிடம் கேட்காது. "அப்ப இது புல்லட்டே இல்லடா" என்றார். கையால் அழுத்தம் தெரிந்து உதைக்கக் கற்றுக்கொள்ள அவருக்கு ஒரு வெள்ளி மாலை போதும் என்பது வேறு விஷயம்.

அவர் விளையாட்டாகச் சொன்னதைச் சிலர் விளையாட்டில்லாமல் கேட்கிறார்கள், திசைதான் வேறு. பழைய பிரிட்டிஷ் வண்டி சேகரிப்பவர்களில் ஒரு சாராருக்கு 'இந்தியன் பார்ட்' என்றால் முகம் சுருங்கும். ஒரிஜினாலிட்டி போய்விட்டதாம். இதில் பாதி நியாயம் உண்டு. பெட்டியில் மட்டும் ஒரிஜினல் ஸ்டிக்கர் ஒட்டிய டூப்ளிகேட் சாமான் நம் ஊர்ச் சந்தையில் தாராளம். எனக்கு வந்த வால்வ் கைடு ஒன்று சில நூறு கிலோமீட்டரில் தேய்ந்து நின்றது. குரோம் முலாம் இரண்டு ஓணம் தாண்டாது என்பார் என் மலையாளி நண்பர். ஆனால் மறு பாதி எனக்குப் புரியவில்லை. ரெட்டிச்சின் அச்சுகளும் கருவிகளும் திருவொற்றியூருக்குப் போனபின், அங்கே வார்த்த கியர் எப்படி நகல்? தாய் ஆலை மூடிய பிறகும் அந்த வேலையை நிறுத்தாமல் செய்தவர்களை விட ஒரிஜினல் யார்? இங்கேயே பிறந்து வளர்ந்தும் மூன்று வருடத்துக்கு ஒருமுறையோ இரண்டு வருடத்துக்கு ஒருமுறையோ விசா புதுப்பித்துக்கொண்டு, "ஒரிஜினலா எந்த ஊர்?" என்ற கேள்விக்கு ஆளுக்கொரு பதில் வைத்திருக்கும் உங்களிடம் இதைப் பற்றி அதிகம் விளக்கத் தேவையில்லை.

ஆலை செத்தால் வண்டியும் சாகும் என்பதற்கு மைசூர் சாட்சி. செக் நாட்டு ஜாவாவை 1960-களின் தொடக்கத்திலிருந்து அங்கே செய்தார்கள், பிறகு யெஸ்டி என்ற பெயரில். 1996-இல் அந்த ஆலை மூடியது. ஜாவா வைத்திருக்கும் நண்பர்கள் சாமானுக்கு அலையும் அலைச்சலோடு பார்த்தால், மூன்று வருடத்தில் முடித்த நான் கொடுத்துவைத்தவன்.

ஒரு சின்ன விஷயம் சொல்ல விட்டுப்போயிற்று. புல்லட் பெட்ரோல் டேங்கில் தங்க நிறத்தில் ஓடும் கோடு ஸ்டிக்கர் அல்ல. சென்னை ஆலையில் ஒரே குடும்பத்துச் சகோதரர்கள், தந்தையிடம் கற்ற வேலையாக, பிரஷ் பிடித்து ஒரே இழுப்பில் போடும் கோடு அது. என் டேங்குக்கு அந்தக் கோட்டைப் போட ஷார்ஜாவில் ஆள் தேடினேன். கடைப் பலகை எழுதிப் பழகிய காசர்கோட்டுக்காரர் ஒருவர் கிடைத்தார். இப்போது பலகையெல்லாம் ஃப்ளெக்ஸ், அவர் கைக்கு வேலை இல்லை. மாஸ்கிங் டேப் வேண்டுமா என்று கேட்டேன், சிரித்தார். இடது பக்கக் கோடு வலது பக்கத்தை விட ஒரு மயிரிழை தடிமன். நான் மாற்றச் சொல்லவில்லை.

வண்டி இப்போது ஓடுகிறது. நவம்பர் முதல் மார்ச் வரை, விடியற்காலையில், 91 பெட்ரோலில். அந்தக் காலத்துக் கம்ப்ரஷனுக்கு அதுவே அதிகம். கியர் வலது காலில், பிரேக் இடது காலில், அதனால் நண்பர்கள் யாருக்கும் ஓட்டத் தருவதில்லை.

ஒரே ஒரு சாமான் பாக்கி. டூல் பாக்ஸின் மூடியைத் திருகி மூடும் பித்தளைக் குமிழ். புதிதாகச் செய்தது கிடைக்கிறது, ஆனால் அந்தக் காலத்து ஒன்று வேண்டும் என்று ஒரு பிடிவாதம். உங்கள் தாத்தா வீட்டுப் பரணில், பழைய சைக்கிள் பம்புக்கும் அரிக்கேன் விளக்குக்கும் பின்னால், புல்லட் சாமான் போட்டு வைத்த தகர டப்பா ஏதாவது இருந்தால் அடுத்த லீவில் கொஞ்சம் கவிழ்த்துப் பாருங்கள். படம் எடுத்து அனுப்பினால் போதும், எந்த வண்டியின் எந்தப் பாகம் என்று நான் சொல்கிறேன்.